கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட பாட்டு

அந்த ஆடி மாதம் எங்கள் வீட்டில் முதலில் விழுந்தது அம்மா. காலையில் பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "காலு என்னோடது மாதிரியே இல்லடி" என்றாள். மறுநாள் பக்கத்து வீடு. அதற்கடுத்த நாள் எதிர்வரிசை. சிக்குன்குனியா என்ற பெயரைத் திக்காமல் சொல்லக்கூட அப்போது எங்களுக்குப் பழகவில்லை.

ஓசூரில் கம்பெனிகளை ஒட்டி, ஷீட் கூரை போட்ட வீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் இடம் அது. திண்டுக்கல் பக்கமிருந்து வேலைக்கு வந்த அப்பாவுக்கு அங்கே ஓடி வர ஒரு சொந்தம் கிடையாது. பாதிப் பேர் படுத்துவிட்டதால் கம்பெனியில் மீதிப் பேருக்கு இரட்டை ஷிப்ட். நான் பிளஸ் டூ. அம்மாவுக்குப் பல் தேய்த்துவிட்டு, தலை வாரிவிட்டு, அவள் வலியில் கத்துவது வெளியே கேட்காதபடி டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, வாசலில் நின்று அழுவேன்.

தெருமுனையில் ஒரு மாரியம்மன் கோயில். வெள்ளிக்கிழமை தோறும் நாங்கள் ஐந்து பெண்கள் அதைக் கூட்டிக் கழுவிக் கோலம் போடுவோம். நாலு பேர் பள்ளிக்கூடம். ஒருத்தி பாலிடெக்னிக் படித்தாள். அவளை எல்லோரும் அக்கா என்போம். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசுவாள்.

ஆடி ஞாயிறு கூழ் ஊற்றுவதற்காகக் கேழ்வரகு மாவு புளிக்க வைத்து, அண்டா நிறையக் காய்ச்சி இறக்கியாகிவிட்டது. வழக்கமாகத் தூக்குவாளியோடு முண்டியடிக்கும் கூட்டம். அன்றைக்கு ஒருவர்கூட வரவில்லை. பூசாரி மண்டபத்தில் சுருண்டு கிடந்தார். மணி அடிக்கக் கை உயரவில்லை என்று அவர் அழுததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது.

அக்கா அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அவங்களால வர முடியல. நாம தூக்கிட்டுப் போலாம்" என்றாள்.

சேவை என்ற நினைப்பெல்லாம் எனக்கு இல்லை. நான் ஆத்தாவிடம் பேரம் பேசினேன். பத்து நாள் நான் தூக்குகிறேன், என் அம்மாவை எழுப்பி நடக்க விடு. அவ்வளவுதான் என் பக்தி.

அடுத்த நாளிலிருந்து அரிசிக் கஞ்சி. பள்ளிக்கூடம் விட்டதும் ஆளுக்கொரு வாளி. லேத்தில் இரும்பைக் கடைகிற மனிதர் ஒருவர், டம்ளரைப் பிடிக்க முடியாமல் வாயைத் திறந்து காட்டினார். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தவழ்ந்து வந்து கதவைத் திறந்தார்கள். எங்களுக்குப் பயமாக இருந்தது. பயம் தெரியாமல் இருக்க அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தோம். பாட்டுச் சத்தம் கேட்டால் ஜனங்கள் பாத்திரத்தை எடுத்து வைப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஐந்தாம் நாள் பின்வரிசைக்குப் போனோம். கடைசி வீடு சாத்தியிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. "ஊருக்குப் போயிருப்பாங்க" என்று நான்தான் சொன்னேன். பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு திரும்பினோம்.

ஆறாம் நாள் அதே வீட்டு முன்னால் கை மாற்றிக்கொள்வதற்காக வாளியைக் கீழே வைத்தேன். வாளி இறங்கியதும் பாட்டும் நின்றது. உள்ளே ஏதோ முனகியது. முதலில் பூனைக்குட்டி என்று நினைத்தேன்.

கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அக்காவும் நானும் தோளால் மோதினோம். நாலாவது மோதலில் தாழ்ப்பாளின் ஆணிகள் பிய்ந்து வந்தன.

கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் கிடந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். முழங்கையால் ஊர்ந்து வந்திருக்கிறாள், இரண்டு முழங்கையும் தோலுரிந்திருந்தது. தாழ்ப்பாள் வரைக்கும் கை எட்டவில்லை. அறையின் மறுகோடியில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், எட்டு மாதக் குழந்தை. அழுது ஓய்ந்துபோய் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. காய்ச்சலில் விழுந்த முதல் நாள் பக்கத்தில் படுக்க வைத்துப் பால் கொடுத்திருக்கிறாள். காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. குழந்தை உருண்டு தள்ளிப் போய்விட்டது. அதைத் தூக்க அவளுடைய மணிக்கட்டு மடங்கவில்லை. ஆறடி தூரத்தில் அது அழ அழ, பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறாள்.

குழந்தையைத் தூக்கினேன். உடம்பு கொதித்தது. நாக்கு காய்ந்து சொரசொரவென்று இருந்தது. அவள் என்னையே பார்த்தாள்.

"நின்னெ ஹாடு ஹேள்கொண்டு ஹோதவரு நீவேனா?" என்றாள்.

நேற்று பாடிக்கொண்டு போனது நீங்கள்தானா என்று கேட்டாள். ஓசூரில் வளர்ந்த எனக்கு அந்த அளவு கன்னடம் புரியும். புரியாமல் இருந்திருக்கலாம். அக்கா அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்து, ஆமாம் என்றாள். அந்தப் பெண் திட்டவில்லை. பாட்டு நெருங்கி வந்ததைக் கேட்டு, தனக்காகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாளாம். உள்ளேயிருந்து கூப்பிட்டாளாம். நாங்கள் மறுபடி பாட ஆரம்பித்ததும், தன் குரல் தனக்கே கேட்கவில்லையாம்.

"மகுவை மட்டும் எடுத்துட்டுப் போங்க" என்றாள், குழந்தையைக் கண்ணால் காட்டி, பாதித் தமிழில்.

மற்ற மூன்று பேரை அவளோடு விட்டுவிட்டு குழந்தையோடு நானும் அக்காவும் மெயின் ரோட்டுக்கு ஓடினோம். ஸ்டாண்டில் இரண்டு ஆட்டோ நின்றது. ஒன்றில் ஆளே இல்லை. இன்னொன்றில் இருந்த டிரைவர் வீங்கிய விரல்களை விரித்துக் காட்டினார். "க்ளட்ச் புடிக்க முடியலம்மா. நானே வீட்டுக்குப் போக முடியாம உக்காந்திருக்கேன்."

கெலமங்கலம் பக்கமிருந்து தக்காளி ஏற்றி வந்த மினி லாரிக்கு முன்னால் அக்கா போய் நின்றுவிட்டாள். டிரைவர் தெலுங்கில் கத்தினார். குழந்தையைப் பார்த்ததும் கதவைத் திறந்தார். வழியில் குழந்தையின் கண் மேலே சொருகியது. உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. ஆத்தா என்று கூப்பிட வாய் எடுத்தேன், வரவில்லை. நேற்று அந்தப் பெண்ணின் குரலை மூடிப் பாடின வாய் அது. குழந்தையின் நெற்றியில் என் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு மூன்று பேர். நர்ஸ் குழந்தையை வாங்கிக் காலில் தேடினார், கையில் தேடினார், நரம்பு கிடைக்கவில்லை. "தலையைக் கெட்டியாப் புடி. நீ நடுங்காத" என்றார் என்னிடம். கடைசியில் நெற்றிப்பொட்டுக்கு மேலே ஊசி ஏறியது. பாட்டிலை மாட்ட ஸ்டாண்டு மிச்சமில்லை. தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள் மரத்ததும் அக்கா வாங்கினாள். அவளுக்கு மரத்ததும் நான்.

மூன்றாம் நாள் அது சத்தமாக அழுதது. அதன் அம்மாவையும் அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தோம். லாரி ஓட்டும் புருஷன் வடக்கே எங்கிருந்தோ வந்து சேர்ந்தான். "இத்தன வீடு இருக்கே, ஒருத்தர்கூடவா எட்டிப் பாக்கல?" என்று வார்டில் நின்று கத்தினான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழந்தையையும் அவளையும் கர்நாடகா பக்கம் தன் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டான். அதற்குப் பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை.

எங்களில் ஒருத்தியை அவள் வீட்டில் தடுத்துவிட்டார்கள். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் எந்தச் சுவரிலிருந்தாவது முனகல் கேட்பது போலிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாளே போனேன். பாடவில்லை. ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டு, கூப்பிட்டு, பதில் வரும்வரை நின்றோம். ஒரு வீட்டில் தனியாகக் கிடந்த பெரியவரைக் கண்டுபிடித்தோம். இன்னொரு வீட்டில் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஆள் எழுந்து வந்து கண்டபடி திட்டினார். அந்தத் திட்டு சந்தோஷமாக இருந்தது.

பத்து நாள் முடிந்தது. அம்மா எழுந்து நடக்கவில்லை. தன் தலையைத் தானே வாரிக்கொள்ள அவளுக்குப் பொங்கல் ஆயிற்று. ஆத்தாவிடம் எனக்குக் கோபம் இருந்தது. இருந்தும் வெள்ளிக்கிழமை கோயிலைக் கழுவினேன். எதுவும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில் நின்ற நாட்களுக்கு ஏன் லீவு என்று டீச்சர் வகுப்பில் நிற்க வைத்துக் கேட்டார். அந்தக் கதவைப் பற்றி மட்டும் சொன்னேன். பாதியில் அழுகை வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலம் கோயில் வாசலில் வாளியோடு பதினோரு பேர் நின்றார்கள். பிறகு கீழ் வகுப்புகளிலிருந்தும் வந்தார்கள்.

ஆடி முடிவதற்குள் நானும் விழுந்தேன். விரல்கள் மடங்கவில்லை. முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்ட முடியவில்லை. அந்தக் கடைசி வீட்டுப் பெண் எப்படிக் கிடந்தாள் என்று அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது.

யாரென்றே எனக்குத் தெரியாத ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதவில் காது வைத்துக் கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவுக்கு ஊட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரண்டி நடுங்கி, கஞ்சி என் கழுத்தில் வழிந்தது.

"வாயைப் பெருசாத் திறங்கக்கா" என்றாள். "எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு."