கல்லுளிமங்கன் சிரித்த கதை

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிப்போவில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பட்டப்பெயர். பர்ஸைத் தொலைத்துவிட்டேன் என்று அழுகிறவன், இப்போதுதான் ஏறினேன் என்று சத்தியம் செய்கிறவள், தூங்குவதுபோல் நடிக்கிற தடியன், எல்லோரையும் ஒரே முகத்தோடு பார்த்து அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அந்த முகத்தைச் சாயங்காலம் டிப்போவிலேயே வைத்துவிட்டு வரக்கூடாதோ? வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

நானோ வாயாடி. முன்னறையில் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறேன். முடி வெட்ட வருகிறவர்கள் தலையைக் கொடுப்பதோடு கதையையும் கொட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அதையெல்லாம் அவர் முன்னால் நடித்துக் காட்டுவேன். ஒரு டீச்சர், முடி காயவைக்கிற மெஷினுக்கு அடியில் குறட்டை விட்டுவிட்டு, "நான் எங்கம்மா தூங்கினேன், கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தேன்" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். அதை நான் நடித்தபோது எங்கள் மகள் தரையில் உருண்டாள். அவர் "ம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த "ம்"தான். எனக்கும் பிடிவாதம் உண்டே. இந்த மனுஷனை ஒரு தடவையாவது சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் அவர் விரல்களில் சீட்டுப் புத்தகம் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. பேச்சு குழறியது. குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார் என்று எவனோ புகார் கொடுத்தான். பரிசோதனை மேல் பரிசோதனை செய்து, கடைசியில் நரம்பு டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து ஏ.எல்.எஸ். என்று சொன்னார். தசைகளை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டுப் போகிற நோயாம். முழுக்கக் குணமாக்க மருந்தில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் கைகொடுக்கலாம் என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வழக்கம்போல "ம்" என்றார்.

கொஞ்ச நாளில் வீடு நிறைய சாமான்கள் வந்து இறங்கின. தூங்கும்போது முகத்தில் மாட்டுகிற மூச்சு மெஷின். கண்ணால் எழுத்தைப் பார்த்தால் அதைச் சேர்த்துப் பேசுகிற திரை. அதன் குரல் செய்தி வாசிக்கிறவர் குரல். உப்புக் குறைவு என்பதைக்கூட ஆட்சி கவிழ்ந்துவிட்ட மாதிரிச் சொல்லும். விழுங்கும் பயிற்சி கொடுக்க வருகிற பெண், மோவாயைத் தாழ்த்திக்கொண்டு சின்னச் சின்னதாக விழுங்கச் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. புருவம் திருத்த வந்த பெண் தும்மியதால் நேர்ந்த விபரீதத்தை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். என் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. "பார்த்தியாடி, உங்கப்பாவைச் சிரிக்க வெச்சுட்டேன்" என்று மகளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து எதற்கும் சிரிப்பு. வானிலை அறிக்கைக்குச் சிரிப்பு, கரண்டியைப் பார்த்தால் சிரிப்பு. பக்கத்துத் தெருவில் ஒருவர் இறந்துபோனார் என்று இவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துப் போனேன். போட்டோவைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். மானம் கப்பலேறியது. நான் வாயைப் பொத்தப் போனால், இறந்தவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க. அவர் அந்த போட்டோவுல முழிக்கிற முழியைப் பார்த்து எனக்கும் காலையிலேருந்து இதே பாடுதான்" என்று அந்தம்மாவும் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு கூடத்தில் யாராலும் அடக்க முடியவில்லை. அப்படி ஒரு துக்க வீட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒருநாள் சாப்பாட்டின் நடுவே சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. முகம் நீலமாகிப் போயிற்று. மகள் அவரை முன்னால் சாய்த்துப் பிடிக்க, எப்படியோ மூச்சு திரும்பியது. டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"இது அவரா சிரிக்கிறது இல்லைம்மா," என்றார் டாக்டரம்மா. "சிரிப்பை அடக்கிவைக்கிற நரம்புப் பாதை பலவீனமாயிடுச்சு. காரணமே இல்லாமக்கூட வரும். சாப்பிடும்போது வந்தா ஆபத்து. மாத்திரை இருக்கு, குறைச்சிடலாம்."

"அப்ப என் ஜோக்குக்குச் சிரிச்சது?"

"அதை எப்படிம்மா நான் சொல்ல முடியும்."

மகள் என்னை முறைத்தாள். அவளுக்கென்ன தெரியும். அத்தனை சிரிப்பில் ஒன்றே ஒன்றாவது எனக்காக வந்ததா என்று தெரியாமல் என் நெஞ்சு வெந்தது. மாத்திரை வேணுமா என்று கேட்டதற்கு, "வேணும்" என்று திரை ஒரு நொடி தாமதிக்காமல் சொன்னது. என் ஜோக்கு அவ்வளவு மோசமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

மாத்திரை வேலை செய்தது. புரையேறுவது நின்றது, சிரிப்பும் நின்றது. வீட்டில் மறுபடி அதே முகம். நான் விடுவேனா? தினமும் ஊட்டும்போது புதுசு புதுசாக அவிழ்த்துவிட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு மத்தியானம், பார்லரில் ஒருத்தியைப் பாதி முடியோடு உட்காரவைத்துவிட்டு அவருக்கு ஊட்ட ஓடிவந்தேன். காலையில் இரண்டு ஓரகத்திகள் வந்திருந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். அடுத்தடுத்த நாற்காலியில் மாட்டிக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோல் ஒருத்தியை ஒருத்தி கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, கடைசியில் ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். அதை நடித்துக் காட்டினேன். அவர் மோவாயைத் தாழ்த்தி ஒழுங்காக விழுங்கிவிட்டு, அடுத்த வாய்க்குக் காத்திருந்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"போதும். இத்தனை வருஷம் சுவரோட பேசிட்டேன். இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

கடைசி வாய் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு எழுந்தேன். அவர் கண்கள் திரையில் ஓட ஆரம்பித்தன.

"வாயில சாப்பாடு இருக்கும்போது சொல்லாதே," என்றது செய்தி வாசிக்கிற குரல். "அடக்குறது கஷ்டமா இருக்கு."

நான் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன். "அடக்குறீங்களா? அப்ப முன்னாடியெல்லாம்?"

"அப்பவும்தான். டிப்போவுல கதவைச் சாத்திட்டுச் சிரிப்பேன்."

கையிலிருந்த கரண்டியாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது. "ஏன்யா, என் முன்னால சிரிச்சா என்ன குறைஞ்சு போயிடும்?"

கண்கள் எழுத்து எழுத்தாக நகர்ந்தன. அந்த நேரம் பார்த்துத் திரை மெதுவாகத்தான் வேலை செய்தது.

"சிரிச்சுட்டா நீ நிறுத்திடுவியோன்னு பயம்."

கோபமா, அழுகையா, சிரிப்பா, எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியாது. எல்லாம் ஒன்றாக வந்து மூக்கை உறிஞ்ச வைத்தது. முன்னறையிலிருந்து, "அக்கா, பாதித் தலையோட எவ்வளவு நேரம் உட்காருறது" என்று குரல் வந்தது.

"இரும்மா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஓரகத்திகளின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். கதையில் மூத்தவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, அதற்குள் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.