ரோட்டைப் பார்த்து உட்கார்ந்த சேவியர்

செய்தி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டையில், மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் உள்ள சிறிய ஹோட்டல். காலை நேரம். இலையில் பொங்கலும் ஒரு வடையும் இருந்தன. கைபேசி அடித்தது. வார்டு நர்ஸ்தான். "அக்கா, கொஞ்சம் சீக்கிரம் மேல வாங்க" என்றார். அந்தக் குரலுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. பரிமாறுபவர் வாளியோடு பக்கத்தில் நின்று, "சாம்பார் இன்னுங் கொஞ்சம் ஊத்தவாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இலையை மூடாமலே எழுந்துவிட்டேன்.

என் கணவரை டிப்போவில் செக்கர் சேவியர் என்றால்தான் தெரியும். டிக்கெட் பரிசோதகராக இந்த மாவட்டத்தில் அவர் ஏறாத பேருந்து இல்லை. அவருக்கு நினைவு மலர் போடுவதாகச் சொல்லி, "டீச்சர், நீங்களும் ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று அவருடைய நண்பர்கள் கேட்டார்கள். அவருடைய நேர்மையையும் கண்டிப்பையும் பற்றி நீங்கள் எழுதுவீர்கள். எனக்கு அந்த மனிதரைச் சாப்பாட்டு மேசையில்தான் அதிகம் தெரியும். அங்கிருந்தே எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எங்களுக்குச் சனிக்கிழமை என்றால் வெளிச்சாப்பாடு. எனக்குப் பள்ளி விடுமுறை. அவருக்கு டூட்டி. அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கு நான் அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறிப் போய்விடுவேன். கறம்பக்குடியில் புரோட்டா, பொன்னமராவதியில் இட்லி, சில நாள் ஆலங்குடியில் ஒரு மெஸ்ஸில் மீன்குழம்பு. எங்கள் தெருவில் இது பெரிய பேச்சு. "டீச்சர் வீட்டுல ஒல வைக்கிறதே இல்லையா?" என்று ஒருவர் அவரிடமே கேட்டிருக்கிறார். அதற்கு இவர், "வாரம் பூரா அவதான் வைக்கிறா. ஒரு நாளைக்கு வேற யாராச்சும் வைக்கட்டுமே, ஒங்களுக்கு என்ன?" என்று திருப்பிக் கேட்டாராம். கேள்வி கேட்டவர் அதன்பிறகு எங்கள் வீட்டு உலையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஹோட்டலில் அவர் எப்போதும் ரோட்டுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். "ரோட்டப் பாத்தா பஸ் தெரியும், பஸ்ஸப் பாத்தா டூட்டி ஞாபகம் வரும். நீ அங்கிட்டு உக்காரு, நான் இங்கிட்டு உக்காருறேன்" என்பார். அதனால் ரோடு எனக்கு, அடுப்படி அவருக்கு. புரோட்டா மாஸ்டர் மாவை வீசுவதை அவர் திருவிழாத் தேரைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். நான் ரோட்டில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணமான புதிதில் தொடங்கிய ஏற்பாடு. ஒரு சனிக்கிழமையும் மாறியதில்லை.

ஒரு முறை இருவரும் ஆலங்குடியிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று அவருக்கு லீவு. சட்டென்று என் காதருகே குனிந்து, "அந்தா, கோடு போட்ட சட்டை. டிக்கெட் எடுக்கல" என்றார்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"என்னயத் தெரிஞ்சவன் அவன். டிக்கெட் எடுத்தவன் செக்கர நேராப் பாப்பான். எடுக்காதவன் ஜன்னலப் பாப்பான். வெளிய அப்படி என்ன இருக்கு? அதே கருவேல மரந்தான்."

அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. டிப்போவில் உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது வெறும் தொழில் பேச்சாகத்தான் அப்போது பட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெயர்ப்பலகை இல்லாத அந்தப் புரோட்டாக் கடைக்கு நான் போனபோது, அவர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என் நாற்காலியில். ரோட்டைப் பார்த்து.

பல்லி கத்துவதையும் பூனை குறுக்கே போவதையும் சகுனமாக எடுத்துக்கொள்பவள் இல்லை நான். கணக்கு டீச்சர். ஆனால் அந்த நாற்காலி மாறியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான். காத்து வருது" என்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. காற்று என்று எதுவும் இல்லை.

புரோட்டா வந்தது. வழக்கமாகப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து அவர் வாய்க்குக் கொண்டுபோகிற வேகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். அன்று சின்னச் சின்னதாகக் கிள்ளினார். ஒரு கிள்ளு, ஒரு வாய்த் தண்ணீர். மறுபடி ஒரு கிள்ளு, ஒரு வாய்த் தண்ணீர். கண் மட்டும் ரோட்டிலேயே இருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. மாஸ்டர் மாறிட்டான் போல. கல்லு மாதிரி இருக்கு."

எனக்கு வந்ததும் அதே கல்லில் போட்ட புரோட்டாதான். பஞ்சாக இருந்தது. அடுப்படியிலிருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்து, "சார், நான்தான் சார் போடுறேன். சரியில்லையா?" என்று மனம் நொந்து கேட்டார். இவர் அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மழையில் நனைந்தபடி நின்ற காலி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்குப்பா" என்றார். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான். என் எதிரே உட்கார்ந்து என் கணவர் கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒன்று இலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. முதலில் புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்துக் கூழாக்கிச் சாப்பிட்டார். "ஊறுனாத்தான் ருசி" என்றார். அடுத்து புரோட்டாவே வேண்டாம், இடியாப்பம் போதும் என்றார். மீன் போனது. முள் பயமாம். கடலோரத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, முள்ளை நாக்காலேயே பிரித்துத் துப்புகிற மனிதருக்கு முள் பயம். பிறகு சாம்பாரில் மிதக்கிற ஒற்றை இட்லி. "டாக்டரைப் பார்ப்போம்" என்று நான் சொல்லாத வாரம் இல்லை. "கேஸ் ட்ரபிள் ஸ்டெல்லா. டூட்டியில நேரத்துக்குச் சாப்புடாம இருந்தா எல்லாருக்கும் வாரதுதான்" என்று மாத்திரையை விழுங்குவார். அந்த மாத்திரையையும் பொடித்துத் தண்ணீரில் கலக்கித்தான் குடித்தார். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தார்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. அவருக்கு அது கடவுள் கொடுத்த சாக்கு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூட ஒழுங்காக ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்காதவர், இந்த ஆண்டு நாற்பது நாளும் நோன்பு என்று அறிவித்தார். கஞ்சி, மோர், காபி. டிப்போவில் நீங்கள் எல்லோரும் அவரைப் பாராட்டினீர்கள் என்று அவரே வந்து சொன்னார். "செக்கர் அண்ணே பக்தியில எறங்கிட்டாரு" என்றீர்களாம். கோயிலில் பங்குச் சாமியார் பிரசங்கத்துக்குப் பிறகு என்னிடம் வந்து, "உங்க வீட்டுக்காரரைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்மா" என்றார். இவர் தன் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். ஊர் அதையும் நோன்பின் கணக்கில் சேர்த்தது. நம் ஊரில் ஒருவன் சாப்பிடாமல் இருந்தால் ஒன்று அவன் பக்திமான், இல்லை வீட்டில் சண்டை. வேறு எதையும் யோசிக்க நமக்குத் தெரியாது.

ஈஸ்டர் வந்தது. ஊரே கறி எடுத்தது. கத்தாரிலிருந்து மகள் வீடியோவில் பிரியாணியைக் காட்டிச் சிரித்தாள். அவருடைய நோன்பு மட்டும் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பொன்னமராவதி. எனக்கு இட்லி சொன்னார். தனக்கு, "ஒரு காபி, நல்லா ஆத்திக் குடுங்க" என்றார். காபி வந்தது. ஒரு மடக்கு குடித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு மெல்லத் திரும்பி ரோட்டைப் பார்த்தார். காபியும் போகவில்லை என்று எனக்குப் புரிந்தது. இனி விலகுவதற்கு இலையில் எதுவும் மிச்சமில்லை.

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். கையை நீட்டினேன்.

"டிக்கெட் எடுங்க சார்."

ஹோட்டலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என் கையைப் பார்த்தார். முப்பது வருடம் அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதர்.

"எடுக்கல ஸ்டெல்லா" என்றார். "மழைக்காலத்துலேருந்தே எறங்க மாட்டேங்குது."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா டாக்டர்ட்ட கூட்டிக்கிட்டுப் போவ. அவரு ஒரு பேரு சொல்லுவாரு. பேரு சொல்லிப்புட்டா அப்புறம் சனிக்கிழம சனிக்கிழமயா இருக்காது. அதான் கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்தேன்."

இட்லியைத் தொடாமல் அன்றே டாக்டரிடம் கூட்டிப் போனேன். குழாய் விட்டுப் பார்த்துப் பெயரைச் சொன்னார்கள். உணவுக்குழாயில் புற்று. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே" என்று டாக்டர் சொன்னபோது, இவர் அந்த அறையின் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே அடித்திருப்பேன். இறந்தவரைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும் என்பார்கள். நான் இன்னும் அவரோடு சண்டையில்தான் இருக்கிறேன். சில சனிக்கிழமைகளைக் காப்பாற்றுவதற்காக எல்லாச் சனிக்கிழமைகளையும் தொலைத்தார். கணக்குத் தெரியாத மனிதர்.

கடைசியில் வயிற்றில் நேரடியாகக் குழாய் வைத்து அதன் வழியாகக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினார்கள். வாய்க்கு வேலை இல்லாமல் போனது. அப்போதுதான் ஒரு நாள், "போய்ச் சாப்புட்டு வா. வந்து ரிப்போர்ட் குடு" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் சாப்பிட்டது என்ன, எப்படி இருந்தது, எல்லாவற்றையும் அவரிடம் சொல்ல வேண்டுமாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம்.

போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னேன். தோசை கருகிப்போச்சு என்றேன். சட்னி நேற்று அரைத்தது என்றேன். சாம்பார் வெறும் தண்ணீர் என்றேன். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாமல் கிடக்கிற மனிதரிடம், தோசை முறுகலாக நெய் மணத்தோடு இருந்தது என்று எப்படிச் சொல்வது? மறுநாளும் எல்லாம் மோசம் என்றேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

"ஸ்டெல்லா, டிக்கெட்ட எடு."

"என்னங்க?"

"நீ ஜன்னலப் பாத்துக்கிட்டே சொல்ற" என்றார். குரல் கம்மிப்போய், காற்று மட்டும்தான் வந்தது. "நல்லா இருந்துச்சுன்னா நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. நீ நல்லாச் சாப்புட்டன்னு கேட்டாத்தான் எனக்கு எறங்கும்."

நான் அழுதுவிட்டேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்து, அந்தத் தோசையைப் பற்றி முதலிலிருந்து சொன்னேன். முறுகல். நெய். தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை கொஞ்சம் தூக்கல். "தூக்கலா இருந்தாத்தான் நல்லா இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டே திருத்தினார். அன்றிலிருந்து நான் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கேள்விகள் குறைந்தன. கடைசி வாரத்தில் தலையை மட்டும் அசைத்தார்.

செய்தி வந்த அன்று காலையும் உதட்டசைவில் "போ" என்றார். விரலை மேசையில் தட்டினார். ரிப்போர்ட் வேண்டும் என்று அர்த்தம். நான் மேலே ஓடி வந்தபோது நர்ஸ் அவர் முகத்தருகே நின்றிருந்தார். கட்டிலை யாரோ சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவருடைய சீருடையை டிப்போவுக்குக் கொடுத்துவிட்டேன். விசிலை மகள் கேட்டிருக்கிறாள். எனக்கு என்று நான் வைத்துக்கொண்டது, ரோட்டுக்கு முதுகு காட்டி அவர் உட்காரும் இடம். சனிக்கிழமைகளில் இப்போதும் ஏதாவது ஒரு ஊருக்குப் போகிறேன், எந்த ஹோட்டலிலும் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். உங்களில் யாராவது வழக்கமான இடத்தை விட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தால், உங்கள் வீட்டுக்காரி டிக்கெட் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

ஒரு ரிப்போர்ட் மட்டும் பாக்கி இருக்கிறது. அன்றைக்கு என் இலையில் இருந்தது.

ஏங்க, பொங்கல் நல்லா இருந்துச்சு. மிளகு முழுசா கெடந்துச்சு, நெய் தாராளமா விட்டிருந்தாங்க. வட சூடா, மொறுமொறுன்னு. பாதிதான் சாப்புட்டேன். ஆனா ரொம்ப நல்லா இருந்துச்சு. உங்களப் பாத்துத்தான் சொல்றேன்.