மரம் கண்ணுக்குத் தெரியணும்

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் பளபளப்புப் பூச்சு ஊற்றும் கிளேஸ் செக்‌ஷனில் பல வருஷம் இருந்துவிட்டு, பெயிண்ட் கடை கவுண்டருக்கு வந்தவள் நான். பல கஸ்டமர்களைப் பார்த்திருக்கிறேன். உடைந்த பாய்மரத்தின் துண்டை டேபிள்மேல் வைத்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான்.

வெளியே எனாமல் பெயிண்ட் புதுசு மாதிரி பளபளத்தது. உள்ளே மரம் கறுத்து உளுத்திருந்தது. அவள் வீட்டுக்காரர் அந்தோணி, புதுச்சேரிப் பக்கம் பாய்மரப் படகில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிப் போகிறவர். காற்றில் மரம் முறிந்து அவர் தோளில் விழுந்திருக்கிறது. எலும்பு கூடிவிட்டது, மனுஷன்தான் படகில் கால் வைக்க மாட்டேன் என்கிறாராம். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சியில் அவள் அண்ணன் தச்சுப் பட்டறையில் தேக்கில் புதுப் பாய்மரம் தயாராகிக்கொண்டிருந்தது.

"பெயிண்ட்டு வேணாங்க்கா. உள்ள என்னா ஆகுதுன்னு தெரியல. மரம் கண்ணுக்குத் தெரியணும், தண்ணியும் இறங்கக் கூடாது" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கப்பைக் கவிழ்த்துத் தட்டி, நகத்தால் கீறிப் பார்த்துப் பழகிய கை. என் முதலாளியும் பழைய சூளைக்காரர். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற, கீறல் விழாமல் இறுகுகிற டூ-பேக் கிளியர் வார்னிஷை எடுத்து வைத்தார். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற, படகுக்கு அடிக்கும் போட் வார்னிஷ் அவருக்குப் பிடிக்கவேயில்லை. எனக்கும் எது என்று உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் டெஸ்ட் பீஸ் சுடாமல் கிளேஸ் ஊற்றிப் பழக்கமில்லை.

பட்டறையில் மிஞ்சிய தேக்குக் கட்டைகளை வாங்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தின்னரில் துடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வார்னிஷ் அடித்தேன். மொட்டை மாடி வெயிலில் போட்டுத் தினமும் உப்புத் தண்ணீர் தெளித்தேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் என்ன வடகமா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கோடை முடிவதற்குள் டூ-பேக்கில் முடி போல விரிசல் ஓடி, தண்ணீர் புகுந்து பால் வெள்ளையாய்த் திட்டு விழுந்தது. போட் வார்னிஷ் கொஞ்சம் மங்கியதோடு சரி. முதலாளி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுட்ட மண்ணு அடங்கிடும்மா. மரம் அடங்காது, ஈரத்துல உப்பிப் போவும், வெயில்ல சுருங்கும். அது கூடவே போறதுதான் நிக்கும்" என்றார். அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஸ்டெல்லா வீட்டுக்காரரைக் கையோடு கூட்டி வந்தாள். வருஷா வருஷம் உப்புத்தாள் போட்டு இன்னொரு கோட் அடிக்க வேண்டும் என்றதும் அவர் முகம் சுருங்கியது. அவள் விடவில்லை.

"அதுக்குத்தான் இதக் கேட்டேன். வருஷத்துக்கு ஒருக்கா நீங்களே தடவிப் பாருங்க. அப்பதான் பயம் போவும்."

பாய்மரம் படகில் ஏறியது, அந்தோணி ஏறவில்லை. வேறு ஆளை வைத்துப் படகை ஓட்டவிட்டு, கரையிலேயே உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. நம்மிடம் அதற்கெல்லாம் டப்பாவில் மருந்து ஏது?

வருஷம் திரும்பி, ஸ்டெல்லா வார்னிஷ் வாங்கிப் போன மறுநாள் அந்தோணியிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பாய்மரத்துல, கயிறு ஓடுற கப்பிக்குக் கீழ மெல்லிசா ஒரு விரிசலு இருக்குதுங்க." அவர் குரலில் கலக்கமே இல்லை. "தெரியுதுங்க்கா. நல்லாத் தெரியுது. மச்சான் வந்து சரிபண்ணிட்டிருக்காரு. நாளைக்கி நானே படகுல போறேன்."

நீண்ட நாள் உழைக்கிற வார்னிஷ் எது என்று இப்போதும் கேட்கிறார்கள். பழுதை மறைக்காததை வாங்குங்கள் என்கிறேன். விரிசல் தெரிகிறது என்று சந்தோஷமாகப் போன் பண்ணிய கஸ்டமர் எனக்கு ஒருவர்தான்.