வாழவந்தியில் ஒரு கல் கூடுதல்

போன சனிக்கிழமை, ஏற்காட்டு மலையில் வாழவந்திப் பக்கம் ஒரு பிள்ளையார் கோயிலில் வெறுங்காலோடு குத்தவைத்து உட்கார்ந்து கல் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இது தேவையா என்றுதானே கேட்கிறீர்கள்? என் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

காரணம் என் தோழி கலா. சேலத்தில் ஒரு பள்ளியில் சரித்திர டீச்சர். மாணவர்களுக்காக ஒரு மொபைல் கேம் செய்திருக்கிறாள். ஏற்காட்டுக்கு வந்தால்தான் ஆட முடியும். போனில் அம்புக்குறி வழிகாட்டும். சரியான இடத்தில் போய் நின்றால் கேள்வி திறக்கும். சரியான பதில் சொன்னால் அடுத்த இடம்.

சிக்கல் ஹெச்.எம். அம்மாதான். "மலைக்குக் கூட்டிட்டுப் போயும் பிள்ளைங்க போனையே பார்க்கணுமா?" என்று கேட்டுவிட்டார். தானே ஆடிப் பார்த்துத் திருப்தியானால்தான் டூருக்கு அனுமதி. பாவம் கலா... தூக்கம் கெட்டுச் செய்த கேம். துணைக்கு நானும் போனேன் — மிளகாய் பஜ்ஜி ஆசையில்.

ஏரிக்கரைக் கேள்விகளை ஹெச்.எம். ஊதித் தள்ளினார். அடுத்து இந்தக் கோயில். பிள்ளையாருக்குப் பக்கத்தில் வழவழவென்று கற்கள். புதிய கற்கால மனிதர்கள் தேய்த்துத் தேய்த்துச் செய்த கோடாரிகளாம்! மியூசியத்தில் கண்ணாடிக்குள் பார்த்தது, இங்கே விபூதியும் பூவுமாக இருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

'எத்தனை கற்கோடாரிகள்?' என்றது போன்.

ஹெச்.எம். எண்ணினார். பதினொன்று. 'தவறு' என்றது. நான் எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் 'தவறு'. ஹெச்.எம். கலாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"நான் எண்ணும்போது பத்துதான் மேடம்..." கலா தானும் குனிந்து எண்ண ஆரம்பித்தாள்.

அந்த நேரம் காபித் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் சரசு. "ஏனுங்க, சாமிய எதுக்குங்க எண்ணீட்டிருக்கறீங்க?"

விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஒண்ணு புதுசுங்க. போன வாரம் எங்க காட்டுல களை வெட்டறப்ப மண்ணுக்குள்ள கெடந்துச்சு. இந்த மாதிரிக் கல்லு கெடைச்சா ஊட்டுக்குக் கொண்டு போக மாட்டமுங்க. இங்கதான் கொண்டாந்து வெப்போம். உங்க போனுக்குத் தகவல் வரலீங்களா?"

பழைய பொருள் என்றால் எல்லாம் முடிந்து, லேபிள் ஒட்டி, கதவைச் சாத்திய சமாசாரம் என்றுதானே நினைத்திருக்கிறோம்? இங்கே இன்னும் அட்மிஷன் நடக்கிறது!

ஹெச்.எம். போனைக் கலா கையில் திணித்தார். டூர் போச்சு என்றே நினைத்தேன். அவரோ, "எந்த இடத்துல கிடைச்சது? காட்டுங்களேன்" என்று சரசுவின் பின்னால் கிளம்பிவிட்டார். செருப்பு போடக்கூட மறந்து.

திரும்பி வந்தபோது புடவைக் கரையெல்லாம் மண். "டூர் போகலாம் கலா. அந்தக் கேள்வியை மட்டும் மாத்திடுங்க. கடைசியா வந்த கல் யாருக்கு, எங்கே கிடைச்சதுன்னு பிள்ளைங்க விசாரிக்கட்டும். பதில் சரியான்னு இந்தம்மாவே சொல்லட்டும்."

கலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரசுதான் கொஞ்சம் யோசித்தார்.

"சொல்றனுங்க. ஆனா புள்ளைங்களச் சீக்கிரம் கூட்டியாந்துருங்க. அடுத்த வாரம் பக்கத்துக் காட்டுக்காரி களை வெட்டப் போறா... அப்புறம் அவளத்தான் கேக்கோணும்!"