இடது பக்கம் திரும்பினால் அணையும் விளக்கு

மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடையில் இன்ஜின் வேலை தம்பிக்கு, ஒயர் வேலை அக்காவுக்கு. பெரிய ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுவிட்டுத் தம்பி இங்கே வந்து சேர்ந்த அன்றே பேசி வைத்த பாகம் அது. தெருவில் அவளை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேட்டரி சார்ஜ் போடும் கடையில் கூட்டிப் பெருக்கப் போனவள், வெள்ளையடித்த சுவர்போலத் துப்புரவாக ஒயரிங் செய்யும் கையோடு வெளியே வந்தாள். கழற்றிய ஸ்க்ரூக்களைத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவாள். டேப் சுற்றினால் ஒரு சுருக்கம் இருக்காது. தான் ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒவ்வொரு ஜாயின்ட் மேலும் சிவப்பு நூலை இறுக்கிக் கட்டி, அதற்கு மேல்தான் டேப் சுற்றுவாள். எத்தனை வருடம் கழித்து அந்த வண்டி திரும்பி வந்தாலும், தன் டேப்பைக் கண்டால், உள்ளே நூல் இருக்கிறது என்று அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவாள். அவள் கட்டியது, அதைப் பார்க்க என்ன இருக்கிறது?

இப்போது கொஞ்ச நாளாகத்தான் தம்பியைப் பார்த்தால் உள்ளே ஏதோ புகைகிறது.

டீக்கடைப் பையன் முதல் கிளாஸைத் தம்பியிடம் நீட்டுகிறான். வருகிற ஆட்கள் ஸ்டூலைத் தம்பி பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அம்மாகூட சாப்பாடு போடும்போது, “அவன் கைராசிக்காரன்டி” என்கிறாள், அதுவும் இவள் தட்டில் பரிமாறிக்கொண்டே. நேற்று ஒருவர் ஹார்ன் ரிப்பேரைக்கூட நேராகத் தம்பியிடம் கொண்டு போனார். ஹார்ன் என்ன இன்ஜினா? இன்று ஹார்ன், நாளைக்கு மொத்த ஒயரிங்கும் போகும். அப்புறம் அவள் கடைக்கு எதற்கு வருவது, ஸ்க்ரூ பொறுக்கவா?

அந்த நேரம் பார்த்துத்தான், தெருத் தெருவாக ரொட்டி விற்கும் ரொட்டிக்காரர் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் இவளை அக்கா என்பார், இவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்பது இதுவரை முடிவாகவில்லை.

“அக்கா, மறுபடியும் நின்னுடுச்சு. லைட்டு, ஹார்ன், இன்ஜின் எல்லாம் ஒண்ணா போகுது. கொஞ்ச நேரம் தள்ளினா தானா வந்துடுது. மூணாவது தடவை உங்ககிட்ட வர்றேன். தம்பி இல்லையா?”

கடைசிக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது.

“அவன் சாமான் வாங்கப் போயிருக்கான். வண்டியை ஸ்டாண்டு போடுங்க.”

“அது வந்துக்கா, நான் ஓட்டிட்டுப் போறப்போ...”

“நீங்க சொல்ல வேணாம்ணே. வண்டியே சொல்லும்.”

வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதைக் கேட்டால் வேலை கெடும் என்பது அவள் கட்சி. தம்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும். பேட்டரி முனைகளைத் தேய்த்தாள். பியூஸைக் கழற்றிப் பார்த்தாள். முன்விளக்கைக் கழற்றி உள்ளேயிருந்த ஒயர்க்கட்டை வெளியே தொங்கவிட்டு, டெஸ்ட் லேம்ப்பை ஒவ்வொரு முனையிலும் வைத்தாள். எல்லா இடத்திலும் பளிச்சென்று எரிந்தது. ஹேண்டிலை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அப்போதும் எரிந்தது. டேங்குக்கு அடியில் ஓரிடத்தில் அவளுடைய டேப் தெரிந்தது. தாண்டினாள். பார்த்ததையே மறுபடி பார்த்துவிட்டு எல்லாவற்றையும் மூடினாள். குறை தெரியவில்லை.

தம்பி வந்துவிட்டான். வந்தவன் கையைக்கூடக் கழுவாமல், “எங்கண்ணே நின்னுச்சு?” என்று கேட்டான்.

“பள்ளிக்கூட முனைல ஒரு தடவை. ஆஸ்பத்திரி முனைல ரெண்டு தடவை.”

“ரெண்டும் லெஃப்ட்ல திரும்புற இடமாச்சே.”

“அதைத்தான் அக்காகிட்ட சொல்ல வந்தேன். வண்டியே சொல்லும்னுட்டாங்க.”

அவள் தட்டிலிருந்த வேறொரு வண்டியின் ஸ்க்ரூக்களை மறுபடி அடுக்கினாள். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

தம்பி எதையும் கழற்றவில்லை. ரொட்டிக்காரரை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னான். சாவியைப் போட்டு, விளக்கை எரியவிட்டு, ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினான். விளக்கு அணைந்தது. நேராக்கினான், எரிந்தது. அவளுக்கு அப்போதே புரிந்துபோயிற்று. முன்விளக்கைக் கழற்றி ஒயரைத் தொங்கவிட்டால் அது தளர்ந்துவிடும். தளர்ந்த ஒயர் குறையைக் காட்டுமா? தான் முதலில் செய்கிற நறுவிசான வேலைதான் குறையை மூடியிருக்கிறது.

தம்பியின் விரல் ஒயர்க்கட்டைத் தடவிக்கொண்டே டேங்குக்கு அடியில் போனது. ஓரிடத்தில் அமுக்கினான். விளக்கு கண் சிமிட்டியது. பிளேடால் டேப்பைக் கீறினான். சட்டென்று கட்டைவிரலால் அந்த இடத்தை மூடிக்கொண்டான்.

“எலி கடிச்சிருக்குண்ணே. சாவிக்குப் போற மெயின் ஒயரு.”

விரல் ஓரத்தில் சிவப்பு நூல் ஒரு துளி எட்டிப் பார்த்தது. அவள் மட்டும்தான் பார்த்தாள். கண்டுபிடித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். இவன் தனக்குப் பாவம் பார்க்கிறானே. நாளைக்கு அம்மாவிடம், ‘அக்கா மானத்தைக் காப்பாத்தினேன்’ என்று சொல்லக்கூட மாட்டான், பாவி. அவ்வளவு நல்லவன்.

“விரலை எடுடா.”

“அக்கா, விடு, நான் பாத்துக்கறேன்.”

“எந்த ஊர் எலிடா கடிச்சிட்டு சிவப்பு நூல் கட்டிட்டுப் போகும்?”

ரொட்டிக்காரர் வண்டி மேலேயே குலுங்கிச் சிரித்தார். தம்பி விரலை எடுத்தான். அவள் குனிந்து பார்த்தாள். ஜாயின்ட் கல்லுப்போல இருந்தது. ஆனால் ஈயம் முடிகிற ஓரத்தில், ரப்பருக்கு உள்ளே, செம்பு இற்றுப்போயிருந்தது.

“ஈயம் வச்ச இடம் விறைப்பா நிக்கும்ணே. ஹேண்டில் திரும்புற எடத்துல போய் வச்சிருக்கேன். திரும்பித் திரும்பி அதோட ஓரத்துலயே ஒடஞ்சிருக்கு. வேலை என்னுது. தப்பும் என்னுது. எலிக்கு இதுல பங்கு கிடையாது.”

தம்பி ஒயரை எடுக்கப் போனான். “இன்ஜின் உன்னோடது” என்றாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். அவளே உடைந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயரை நீளமாக இழுத்து, ஜாயின்ட்டைத் திரும்புகிற இடத்திலிருந்து தள்ளி வைத்து, ஹேண்டில் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தொய்வு விட்டாள். சிவப்பு நூலையும் கட்டினாள். டேப் சுற்றுவதற்கு முன்னால் ரொட்டிக்காரரை உட்கார வைத்து ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தாள். தன் நூல் மேல் அவளே சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

“அடுத்த தடவை வந்தா யாரைக் கேக்கணும்?” என்றார் ரொட்டிக்காரர், விஷமத்தோடு.

“ஒயர்னா என்னைக் கேளுங்க. வாயைத் தொறந்து சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

வண்டி கிளம்பியது. தெருமுனையில் இடது பக்கம் திரும்பியது. விளக்கு அணையவில்லை. அங்கிருந்து ஹார்ன் இரண்டு தடவை ஒலித்தது. யாருக்கு அடித்தார் என்று யார் கண்டது? தம்பி கையை உயர்த்துவதற்குள் அவள் கை மேலே போயிருந்தது.