ஆடி அமாவாசையில் வால்வு சீல்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இலஞ்சியில் எங்கள் தெருவில் எவன் வண்டி முக்கினாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். கேட்காதவர்களிடமும் போய்ச் சொல்லுவார். அப்படிப்பட்ட மனுஷனின் கார் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கக்க ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணாச்சி, கொசு மருந்து அடிக்க பஞ்சாயத்துல சொல்லணும்னு இருந்தேன். நீங்களே அடிச்சிட்டீங்க" என்பார். இவரும் சிரிப்பார். வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காது.

வால்வு சீல் போய்விட்டது என்றார். ரப்பர் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சாமான். பழசாகிக் கெட்டிப்பட்டால் ஆயில் கசிந்து இன்ஜினுக்குள் இறங்கி எரியும், அதுதான் புகை. தென்காசியில் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் முடிகிற வேலை. இவர் கேட்கவில்லை. "நானே போடுதேன். இத முடிச்சிட்டேம்னா கை நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

அவருடைய வலது கை ஒரு வருஷமாக நடுங்குகிறது. திருநெல்வேலி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, இது போகப்போகக் கூடத்தான் செய்யும் என்றும் சொல்லிவிட்டார். டாக்டரைத் தவிர எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். மகனுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். கல்யாண வீடுகளில் வயிறு சரியில்லை என்று பந்திக்கு உட்கார மாட்டார். தெருவில் நின்று பேசும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பட்டாளத்துக்காரர் விறைப்பாக நிற்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஊரை ஏமாற்றுவதில் நானும் கூட்டு.

வேலைக்கு அவர் குறித்த நாள் ஆடி அமாவாசை. அன்று எங்கள் தெருவே குற்றாலத்துக்குப் போய்விடும். அருவியில் குளித்து, செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு மத்தியானத்துக்கு மேல்தான் திரும்பும். மற்ற நாளில் பானட்டைத் தூக்கினால் போதும், நாலு பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதற்குப் பயந்துதான் இந்த நாள் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவருடைய அப்பாவுக்கு எள்ளுத்தண்ணி விடுவதை ஊரில் இருந்த எந்த வருஷமும் அவர் தவறவிட்டதில்லை.

"மாமாவுக்குச் செய்ய வேண்டாமா?" என்றேன்.

"அத்தன பேரு முன்னால இந்தக் கைய நீட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?"

எடுத்து வைத்திருந்த எள்ளை டப்பாவிலேயே திரும்பக் கொட்டினேன்.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. கார் ஷெட்டின் கதவைச் சாத்திவிட்டு ஆரம்பித்தார். ஸ்பேனரை இறுக்கிப் பிடித்திருந்தபோது கை அடங்கியே இருந்தது. மேல் மூடி, அதற்குக் கீழே இருந்த பாகங்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

சீலுக்கு மேலிருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றும்போது வால்வு உள்ளே விழுந்துவிடக் கூடாது. அதற்காக ஸ்பார்க் பிளக் துவாரத்தின் வழியே கயிற்றைத் திணித்து, இன்ஜினைக் கையால் சுற்றி பிஸ்டனை மேலே ஏற்ற வேண்டும். கயிறு வால்வுக்கு முட்டுக் கொடுத்து நிற்கும். கயிறு கேட்டார். கிணற்றுக் கயிற்றை எடுத்து நீட்டினேன். "ஏட்டி, தென்ன நாரு உள்ள உதிர்ந்தா இன்ஜின் என்னத்துக்காவும்? கூறு இருக்கா ஒனக்கு?" என்று ஒரு கத்துக் கத்தினார். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் அப்படிக் கத்தி ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பழைய சீலைப் பிடுங்கிப் புதுசைத் தட்டி உட்காரவைத்தார். இனி ஸ்பிரிங்கை வைத்து நான் கருவியால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்தும் இரண்டு லாக்குகளை வால்வின் கழுத்தில் அவர் பொருத்த வேண்டும். உடைத்த புளியங்கொட்டைப் பாதி அளவுதான் இருக்கும் அந்த லாக். கிரீஸ் தொட்டு, இடுக்குக்குள் விட்டு, நேராக ஒட்டவைக்க வேண்டும்.

கை ஆடியது. லாக் தெறித்து விழுந்தது. ஆயில் இறங்கும் துளைகளை முன்பே துணியால் அடைத்திருந்ததால் உள்ளே போகவில்லை. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முயன்றார். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. முதலில் லாக்கைத் திட்டினார். அப்புறம் எனக்கு ஒழுங்காக அமுக்கத் தெரியவில்லை என்று திட்டினார். என் கை கடுத்துப்போயிருந்தது. எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது.

"நான் அசையல. நீங்கதான் அசைக்கிதீங்க."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்? அவர் கிரீஸ் டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, என்னிடமிருந்து கருவியை வாங்கி உடம்பின் பாரத்தைப் போட்டு அமுக்கினார்.

"நீ வையி."

வைத்தேன். "இன்னும் உள்ள தள்ளு. ம். விடுதேன்" என்று மெல்லத் தளர்த்தினார். லாக் உட்கார்ந்துவிட்டது. அடுத்ததும் உட்கார்ந்தது. என் கையிலிருந்தும் ஒன்றாவது தவறி விழாதா என்றிருந்தது. ஒன்றுகூட விழவில்லை. எல்லா வால்வையும் நானே முடித்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி ஸ்டார்ட் செய்தார். மிச்சமிருந்த ஆயில் எரிகிறவரை புகைந்து, பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. ஷெட் கதவைத் திறக்கவும், குற்றாலத்திலிருந்து எதிர்வீட்டுக்காரர் ஈரத் தலையும் திருநீறுமாக வந்து இறங்கவும் சரியாக இருந்தது. காரின் பின்னால் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி கைன்னா கைதான்! ஒரு பொட்டுப் புகை இல்லையே. நம்ம வண்டியவும் ஒரு நாளு பாருங்க."

"காலையிலேர்ந்து ஒத்த ஆளாப் பாத்தாக" என்று நான் முந்திக்கொண்டேன்.

"பொய் சொல்லாதட்டி" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு எதிர்வீட்டுக்காரரிடம், "தம்பி, லாக் பூட்டுனது ஓம் மைனி. எனக்குக் கை போயிட்டு. ஒரு வருஷமாச்சு" என்று சொல்லி வலது கையை முன்னால் நீட்டினார். தெருவில் அவரவர் வீட்டு முன்னால் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பார்க்க, அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டுவிட்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். இவர் இழுத்துக்கொள்ளவில்லை. நான் தொட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிற கை அது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கிரீஸ் கையோடு காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.