எடின்பரோவிலிருந்து வந்த மயக்கமும் ஊசியும்

கம்பவுண்டர் வேலை பார்ப்பவனிடம் யாரும் சந்தோஷமாக இருக்கும்போது வந்து பேசுவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாளாவது காத்துக் கிடந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாவது பிறந்த சமயம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனவந்தர் தர்மத்துக்குக் கட்டிவிட்ட சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் பொறுப்பில் இரண்டு சாமான்கள். ஒன்று குளோரோபாரம். கூம்பாக மடித்த துணியில் சொட்டுச் சொட்டாக விட்டு நோயாளியின் மூக்கருகே பிடித்தால் ஆள் மயங்கிவிடுவார். மற்றது, தோலுக்கடியில் மருந்தேற்றும் கண்ணாடி ஊசி. குளோரோபாரத்தை இப்படிப் பயன்படுத்தலாம் என்று கண்டதும், ஊசி வழியாக வலி மருந்தை ஏற்றிக் காட்டியதும் எடின்பரோ என்கிற ஒரே ஊரில்தான் என்று டாக்டர் சொன்னார். கடல் கடந்து எங்கோ இருக்கிற ஊர். அதன் சாமான்களோடு எனக்குப் பல வருஷப் பழக்கம்.

பட்டாளத்துக்காரர்

வ. புதுப்பட்டி முத்தையா பர்மாவில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து விவசாயம் பார்த்தவர். வண்டிச் சக்கரத்தில் கை சிக்கி விரல்கள் அழுகிவிட்டன. வெட்டி எடுத்தாக வேண்டும். ஆனால் துணி வேண்டாம் என்றுவிட்டார். "சும்மாவே வெட்டுங்க. சத்தம் போட மாட்டேன்." டாக்டர் கை கழுவப் போனதும் முத்தையா என்னிடம் மெதுவாகக் காரணம் சொன்னார்: "மயக்கத்துல வாய் உளறும்னு சொல்லுதாவ. என் பெஞ்சாதி வெளிய நிக்கா." நான் அந்த அம்மாளைக் கஞ்சி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பிறகுதான் படுத்தார்.

பயந்தபடியே பேசினார். மனைவியின் தம்பியும் அவரோடு பட்டாளத்துக்குப் போனவனாம். ஆஸ்பத்திரியில் செத்துப்போனான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். நிஜத்தில், காய்ச்சலில் நடக்க முடியாமல் காட்டுப் பாதையில் உட்கார்ந்துவிட்டவனை விட்டுவிட்டு வரும்படி உத்தரவு. "மாமா, செத்த நேரம் இருங்கன்னான். இருக்கலையே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். இன்று அவரும் இல்லை, அவர் மனைவியும் இல்லை, அதனால் எழுதுகிறேன். விழித்ததும், "நான் எதும் பேசுனேனா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லது தம்பி. நீயும் அத மறந்துரு."

திரைக்கு இந்தப் பக்கம்

ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி ஆமினாவுக்கு மார்பில் புற்று. கத்தி வைக்கும் கட்டம் தாண்டிவிட்டது, வலியையாவது குறைப்போம் என்று டாக்டர் ஊசி எழுதிக்கொடுத்தார். அந்த அம்மாள் அந்நிய ஆண்முன் வரமாட்டார். அதனால் அவர் தங்கை பாத்திமாவுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். கத்தரிக்காயில் குத்திப் பழகினார். பிறகு நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "காத்தை வெளியேத்துங்க, முனையில ஒரு சொட்டு தெரியணும்" என்று சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அவர் செய்வார். முதல் நாள் தங்கை குத்த மாட்டாமல் அழுதுவிட்டார். "குத்துடி, இந்த வலியா எனக்குப் பெரிசு" என்று அக்காதான் தைரியம் சொன்னார்.

ஆமினா மழைக்காலம் முடியும்வரை உயிரோடு இருந்தார். நான் கடைசியாகப் போனபோது, இந்த ஊசி எந்த ஊர்ச் சாமான் என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். சொன்னேன். அங்கே ஒரு டாக்டர்தான் முதலில் போட்டுக் காட்டினாராம் என்றும் சொன்னேன்.

"அந்த மனுசன் வீட்டுலயும் யாரோ இப்படிப் படுத்துக் கெடந்திருக்கணும். இல்லைன்னா இந்த எண்ணம் எப்படி வரும்?"

வெங்கடராஜுவின் மகன்

ராஜபாளையம் வெங்கடராஜு நிலபுலம் உள்ளவர். அவருடைய ஒரே மகனுக்குக் குடல் இறங்கி முறுக்கிக்கொண்டது. அன்றே அறுக்காவிட்டால் பிழைக்க மாட்டான். மயக்க மருந்தே சில பேருக்கு ஆபத்தாகிவிடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். தகப்பனார் சரி என்று தலையை அசைத்தார். பையன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் படுத்தான்.

எப்போதும் விடுவது போலத்தான் மருந்தை விட்டேன். டாக்டர் கத்தியை எடுக்கவும் இல்லை, நாடி நின்றுவிட்டது. கையைத் தூக்கி இறக்கி மூச்சுக் கொடுத்துப் பார்த்தோம். டாக்டர் வியர்த்து ஓய்ந்து தரையில் உட்கார்ந்த பிறகும் நான் விடவில்லை. அவர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் வெளியே வந்து நின்றேன். வெங்கடராஜுவுக்குப் புரிந்துவிட்டது.

"அவனுக்கு வலிக்கலை இல்ல? அத மட்டும் சொல்லுங்க."

வண்டியோடு நின்றவர்

அதன்பின் ராஜபாளையத்திலிருந்து அறுவைக்கு ஆள் வருவது நின்றுபோனது. ஒரு நாள் காலை அந்த ஊர்க் கூலிக்காரர் குருவையா தன் மனைவி சுப்பம்மாளைக் கொண்டுவந்தார். முந்தின நாள் எடுத்த பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. மயக்கம் கொடுத்து, கையை உள்ளே விட்டுத் திருப்பினால்தான் இரண்டு உயிரும் மிஞ்சும். எடின்பரோவில் இதை முதலில் பிரசவத்துக்குத்தான் கொடுத்தார்கள் என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். குருவையா கேட்கவில்லை. "ராஜு அய்யா மகன் எந்திரிக்கலையே சாமி. அந்தத் துணி வேண்டாம்." எனக்கும் அந்தச் சீசாவைத் தொட மனமில்லை. வேறு யாராவது பிடிக்கட்டும் என்றேன். வேறு யாரும் இல்லை.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. வெங்கடராஜு. அவருடைய வண்டியில்தான் வந்திருக்கிறார்கள். உள்ளே வர முடியாமல் அவர் வெளியிலேயே நின்றிருக்கிறார். "குருவையா, என் மகனுக்கு அந்த மருந்து ஆகலை. அதுக்காக இவளைச் சாக விடுவியா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வைங்க தம்பி" என்றார். வைத்தேன். அவள் மூச்சைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. டாக்டர் திருப்பி எடுத்த பிள்ளை முதலில் நீலமாக இருந்தது, பிறகு அழுதது. குருவையா ஓடிப்போய் வெங்கடராஜு காலில் விழுந்தார். பிள்ளையைக் காட்டினார்கள். அவர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கட்டிலில் கிடந்த சுப்பம்மாளின் மூடிய கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை கெடக்கட்டும். அவ முழிக்கட்டும், பொறவு வண்டியைப் பூட்டுதேன்."

அவள் முழித்தாள். எடின்பரோக்காரர்கள் படுத்திருப்பவரின் வலிக்கு இரண்டு வழி கண்டுபிடித்தார்கள், பக்கத்தில் நிற்பவனின் வலிக்குத்தான் இன்னும் ஒன்றும் அனுப்பி வைக்கவில்லை.